பந்து பிடித்தவரின் விரல்கள்

அந்த வீட்டுக்கு வேலைக்குப் போன முதல் நாளே அந்த மனிதரைப் பற்றி மேலிடத்தில் முறைப்பாடு செய்வதென்று முடிவெடுத்துவிட்டேன். எண்பதை நெருங்கும் ஆள். பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்துபோய், பேச்சும் போய், சாய்கதிரையில் இருந்தார். நான் "போன்ஜூர்" சொல்லி, மேலங்கியைக் கழற்றித் தொங்கவிட்டுத் திரும்புகிறேன், மனிதர் இரண்டு தொடைகளுக்கும் நடுவே இடது கையைத் தொங்கவிட்டு, என்னை நேரே பார்த்தபடி விரல்களை நீட்டுகிறார். ஒன்று. பிறகு இரண்டு. பிறகு மூன்று. நான் திருகோணமலையில் பிறந்து, கொழும்பு பஸ்களில் நெரிபட்டு, மொன்றியல் டவுன்டவுன் உணவகக் குசினிகளில் பத்து வருடம் பாத்திரம் கழுவியவள். ஆம்பிளைகளின் சேட்டை எனக்குப் புதிதில்லை. "கையை எடுங்கோ" என்று தமிழிலேயே அதட்டினேன். கோபம் வந்தால் எனக்கு வேறு மொழி வராது.

சத்தம் கேட்டு அவருடைய மனைவி குசினியிலிருந்து சுவரைத் தடவிக்கொண்டு வந்தார். அந்த அம்மாவுக்குப் பார்வை மங்கிக்கொண்டிருந்தது. நேரே பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சமும் நிழலும் தெரியும். என்ன நடந்தது என்று கேட்டார். பிரெஞ்சில் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். சுவரில் சாய்ந்து அவர் சிரித்த சிரிப்பில் எனக்கு இன்னும் கோபம் ஏறியது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்து இழுத்துப்போய், சுவரில் தொங்கிய ஒரு படத்துக்கு முன்னால் நிறுத்தினார்.

படத்தில் ஓர் இளைஞன். முகமூடியை நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டு, நெஞ்சுக் கவசத்தோடு மண்ணில் குந்தியிருந்தான். அமெரிக்கன், ஆனால் அப்பாவும் அம்மாவும் இத்தாலியிலிருந்து வந்தவர்கள். தொழில் பேஸ்போல். மட்டையோடு நிற்பவனுக்குப் பின்னால் குந்தியிருந்து, எதிரே எறிபவன் எறியும் பந்தைப் பிடிப்பது அவனுடைய வேலை. பிடிப்பது மட்டுமல்ல, அடுத்தது எந்தப் பந்து, வேகமானதா வளைவதா என்று தீர்மானிப்பதும் பெரும்பாலும் பிடிப்பவன்தானாம். எதிரணி பார்த்துவிடாமல் இருக்க, தொடைகளுக்கு நடுவே விரல்களை மறைத்து வைத்து எறிபவனுக்குக் காட்டுவானாம்.

"வாய் போயிட்டுது, விரல் போகேல்லை" என்றார் அந்த அம்மா. "ஒண்டு எண்டால் தண்ணி. ரெண்டு தேத்தண்ணி. மூண்டு டொய்லட். நாலு எண்டால் படுக்க வேணும்." அவர் கதைத்தது கியூபெக் பிரெஞ்சில். எனக்குள் அது எங்கள் ஊர்ப் பேச்சாகத்தான் விழுந்தது, அப்படியே எழுதுகிறேன்.

அன்றைக்குத் தேத்தண்ணியோடு இரண்டு பிஸ்கட்டும் வைத்துக் கொடுத்தேன். வாயால் மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை.

நான் செய்வது வீட்டுப் பராமரிப்பு வேலை. வயதானவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சாப்பாடு கொடுத்து, மருந்து உள்ளே போனதா என்று பார்த்து, கொப்பியில் அன்றைய குறிப்பை எழுதிவிட்டு வருவது. லவாலிலிருந்து காலையில் ஆரஞ்சு வழி மெட்ரோ, இடையில் நீல வழிக்கு மாறி கோட்-டெ-நெய்ஜ், அங்கிருந்து ஏழு நிமிட நடை. மூன்றாம் மாடி. மின்தூக்கி பாதி நாள் வேலை செய்யாது. கிழமையில் ஐந்து நாள் அந்த வீட்டுக்குப் போனேன்.

அவருடைய கைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வலது கை விரல்கள் இஞ்சிக் கிழங்கு மாதிரி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசை. எல்லாம் ஆட்டத்தில் முறிந்தவை. கையுறை போடுவது இடது கையில், அதனால் வெறுங்கையாக இருந்த வலது கைதான் அடி வாங்கியது. முதல் முறை நான் அந்தக் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவியபோது, விரலுக்கு விரல் நின்று, இது எப்படி, இது எப்படி என்று கேட்டேன். அவருக்குச் சொல்ல வாய் இல்லை. மனைவி கதவுக்கு வெளியே நின்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நடுவிரல் தெற்கே ஏதோ ஒரு சின்ன ஊரில். சுண்டுவிரல் மழை நாளில். பெருவிரல் இரண்டு முறை. முறிந்த விரலோடு ஆட்டத்தை முடித்துவிட்டுத்தான் வைத்தியரிடம் போவாராம். அதைக் கேட்டு அவர் தலையைக் குனிந்து கொண்டார், வெட்கப்பட்டாற்போல.

அவருடைய கதை எனக்கு இப்படித்தான் கிடைத்தது, குளியலறையிலும் குசினியிலும், துண்டு துண்டாக. பென்சில்வேனியாவில் ஓர் இரும்பாலை ஊர். அப்பா கொத்தனார். வளர்ந்த ஆம்பிளை புழுதியில் குந்தியிருந்து சம்பளம் வாங்குவதா என்று கடைசிவரைக்கும் கேட்டவர். அம்மா வேறு மாதிரி. மகனின் தோல் கையுறை இளகுவதற்காக ஒலிவ் எண்ணெய் பூசி, பந்தை உள்ளே வைத்துக் கட்டி, தன் மெத்தைக்குக் கீழே வைத்துப் படுப்பாராம். சாலட்டுக்கு எண்ணெய் இல்லை என்று ஒருநாள் அப்பா வீட்டையே தலைகீழாக்கினாராம். பிடிப்பவனாக இருக்க வேறு ஒருவரும் முன்வராததால்தான் இவருக்கு அந்த இடம் கிடைத்தது. முழங்கால் தேயும், விரல் முறியும், முகமூடிக்குள் வியர்க்கும், பெயரும் வராது. யார் கேட்டுப் போவார்கள்?

கீழ்நிலை அணிகளில் வருடக்கணக்கில் பஸ்ஸில் அலைந்தார். அப்புறம் ஒரு கோடை, மொன்றியலின் பெரிய அணிக்கு அழைத்தார்கள். அரங்குக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரியில் பாண் விற்றுக்கொண்டிருந்தவர்தான் இந்த அம்மா. இவருக்குப் பிரெஞ்சு ஒரு சொல்லும் தெரியாது. கண்ணாடிக்கு வெளியே நின்று இரண்டு விரலைக் காட்டுவார், இரண்டு பாண். "ஒரு கிழமை போனாப் பிறகு ஒரு விரலைக் காட்டி, அந்த விரலாலை என்னையும் தன்னையும் காட்டினவர்" என்று சொல்லும்போது அந்த அம்மாவின் கன்னம் சிவந்தது. கேட்டுக்கொண்டிருந்த எனக்கும் வெட்கமாகப் போய்விட்டது.

பெரிய அணியில் அவர் ஆடியது அந்த ஒரு கோடை மட்டுந்தான். அது முடிந்ததற்கு ஒரு பந்து காரணம். அரங்கு நிரம்பிய நாள், ஆட்டத்தின் கடைசிக் கட்டம். எறிகிறவர் பெரிய நட்சத்திரம். இவர் இரண்டு விரல் காட்டினார், வளைகிற பந்து. நட்சத்திரம் வேண்டாமென்றார். இவர் யார், நேற்று வந்தவர். விரலை மாற்றி ஒன்று காட்டினார். வேகப்பந்து வந்தது, அடித்தவன் அதை மைதானத்துக்கு வெளியே அனுப்பினான். அடுத்த கிழமை இவரைத் திரும்பவும் கீழே அனுப்பிவிட்டார்கள். 

"ஒருத்தரும் இவரைக் குற்றம் சொல்லேல்லை. பேப்பரிலை நட்சத்திரத்தைத்தான் திட்டினவை" என்றார் மனைவி. "ஆனால் இவர் விடேல்லை. எனக்கு நிச்சயமாத் தெரியும், ஏன் மாத்தினன், திரும்பவும் அதே விரலை வைச்சிருக்க வேணும் எண்டு சொல்லிச் சொல்லியே கிழவனானவர்."

பிடிப்பவன் அப்படிச் செய்யலாமாம். எறிபவன் மறுத்தாலும் அதே விரலைத் திரும்பவும் வைக்கலாம். எனக்குத் தெரியும், என்னை நம்பு என்று அதற்கு அர்த்தம்.

சில வருடம் கழித்து அதே அணி அவரைத் திரும்பக் கூப்பிட்டது, ஆடுவதற்கு அல்ல. ஆட்டத்துக்குப் போவதற்கு முன்னால் எறிபவர்கள் ஓர் ஓரத்தில் எறிந்து கையைச் சூடாக்குவார்கள். அந்தப் பந்துகளைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். அணி இந்த நகரத்தை விட்டுப் போகும்வரைக்கும் அதைத்தான் செய்தார். சனம் பார்க்காத இடத்தில், யாரும் எண்ணாத பந்துகள். எத்தனை ஆயிரம் பிடித்திருப்பார் என்று கேட்டேன். மனைவிக்குத் தெரியவில்லை. அணி போனபோது இவர் போகவில்லை, பாண் கடைக்காரி இங்கேயல்லவா இருந்தார்.

ஒவ்வொரு திங்களும் அமெரிக்காவிலிருந்து ஒரு கிழவர் தொலைபேசியில் அழைப்பார். பழைய எறிபவர், அந்த நாளில் பேர் பெற்றவர். நான் தொலைபேசியை இவருடைய காதில் பிடிப்பேன். அவர் கதைப்பார், இவர் விரலால் தொலைபேசியின் முதுகில் தட்டுவார். ஒருநாள் என்னோடும் கதைத்தார். "அந்த மனிதரின் கையைப் பத்திரமாகப் பாருங்கள் அம்மா. என் கை சரியில்லாத நாளில் அதை முதலில் கண்டுபிடிப்பது அவர்தான், எனக்கே பிறகுதான் தெரியும்" என்றார். அதற்குப் பிறகு நான் அந்த விரல்களுக்கு நல்லெண்ணெய் பூசிப் பிடித்துவிடத் தொடங்கினேன்.

வீட்டில் என் மனிசனிடம் இதையெல்லாம் சொன்னால், அவர் கிரிக்கட் பார்த்துக்கொண்டே, "கண்டறியாத பேஸ்போல். கையிலை அவ்வளவு பெரிய கையுறையைப் போட்டிட்டுப் பந்து பிடிக்கிறது ஒரு கெட்டித்தனமோ?" என்பார். 

"விரல் முறிஞ்சவுடனை வீட்டை வாற ஆளில்லை அவர். உங்களுக்கு ஊசி குத்தினாலே மூண்டு நாள் லீவு" என்று நான் சொல்வேன். யாரோ ஒரு கிழவருக்காக நான் இப்படிச் சண்டைக்கு நிற்பது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஒரு நாள் மின்தூக்கி வேலை செய்யவில்லை, மருந்துக்காரன் பிந்திவிட்டான், எனக்குத் தலைவலி. துவைத்த காலுறைகளைச் சோடி சேர்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தவள், எரிச்சலில் ஒரு சுருளைக் கட்டிலை நோக்கி எறிந்தேன். குறி தப்பி அது அவருடைய முகத்துக்கு நேரே போனது. இடது கை எழும்பியது எனக்குத் தெரியவே இல்லை. காலுறை அவருடைய உள்ளங்கையில் இருந்தது, சத்தமே இல்லாமல். பிடித்த கையை அப்படியே கொஞ்ச நேரம் அசையாமல் வைத்திருந்து, என்னைப் பார்த்து முதல் தடவையாகச் சிரித்தார். பாதி முகந்தான் சிரிக்கும், அது போதும். அன்றிலிருந்து அந்த வீட்டுக் காலுறைகள் எல்லாம் எறிந்துதான் அடுக்கப்பட்டன. நான் வேண்டுமென்றே கோணலாக எறிவேன், ஒன்றுகூட நிலத்தில் விழுந்ததில்லை. கஞ்சிக் கரண்டியைக் கொடுத்தாலும் அப்படித்தான், கை முன்னால் வந்து வாங்காது, பொருள் வருகிற வேகத்தோடு கொஞ்சம் பின்னால் போய் வாங்கும்.

இவ்வளவு அழகாகப் பிடிக்கிறவர் ஒரு விசயத்தில் மட்டும் என்னை விசராக்கினார். கேட்டதை மாற்றிக்கொண்டே இருப்பார். ஒரு விரல் காட்டுவார், தண்ணீர். சரி என்று நான் குசினிக்குத் திரும்புவேன், அதற்குள் இரண்டு விரல். சரி தேத்தண்ணி என்பேன், உடனே மூன்று. கழிப்பறைக்குத் தூக்கிக்கொண்டு போனால் இருக்க மாட்டார். கொண்டுவந்து கதிரையில் விட்டால் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார். கொப்பியில் நான் உள்ளதை உள்ளபடி எழுதுகிறவள், அதில் எனக்குப் பெருமையும் உண்டு. "விருப்பத்தை அடிக்கடி மாற்றுகிறார். குழம்பிப் போயிருக்கிறார்." கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் அதையே எழுதினேன்.

ஜூன் மாதத்தில் மதிப்பீடு வந்தது. அவர் வீட்டில் இருக்கலாமா, அல்லது பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்ப வேண்டுமா என்று பார்த்து எழுத ஒரு பெண் வந்தாள். கதவைத் திறந்தால் நம் முகம். சென்னையில் பிறந்து இங்கே படிக்க வந்து தங்கிவிட்டவள், முப்பத்தைந்து வயதிருக்கும். "அக்கா, நீங்க தமிழா? அப்பாடா" என்றாள். நல்ல பிள்ளை. அவரிடம் மரியாதையாகக் குனிந்து, ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டாள். ஆம் என்றால் ஒரு விரல், இல்லையென்றால் இரண்டு. இப்போது கோடை காலமா? ஒரு விரல். அவள் குறித்துக்கொண்டு நிமிர்வதற்குள் இரண்டு. இது கோப்பையா? ஒன்று, உடனே இரண்டு. நெருப்புப் பிடித்தால் வெளியே போவீர்களா? ஒன்று, இரண்டு. நான் கதவடியில் நின்று, சரியாகச் சொல்லுங்கோ, சரியாகச் சொல்லுங்கோ என்று மனதுக்குள் கெஞ்சினேன். கடைசியில் அவருடைய நெற்றி முழுக்க வியர்வை.

"ரொம்பக் குழப்பமா இருக்காருக்கா" என்றாள் அவள், காலணி போடும்போது. "உங்க நோட்ஸ்லயும் டெய்லி அதேதான் இருக்கு. எனக்கு வேற வழி தெரியல."

பத்து நாளில் கடிதம் வந்தது. மறதிக்காரரை வைத்திருக்கும் பூட்டிய பகுதி. மொன்றியல் தீவுக்கு வெளியே, மெட்ரோ போகாத இடம். மனைவி மட்டும் இந்த வீட்டில் இருக்கலாம், அவருக்கு அங்கே இடமில்லை. பார்வை தெரியாத மனுசி இரண்டு பஸ் மாறி எப்படிப் போவார்? அரை நூற்றாண்டு ஒரே கட்டிலில் படுத்த இரண்டு பேரைப் பிரிப்பதற்கு மூன்று கிழமை தவணை. கடிதத்தை நான்தான் அந்த அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

அவர் அழவில்லை. "என்னோடை அவர் ஒருநாளும் மாத்திறேல்லை" என்றார். முன்பும் சொல்லியிருந்தார், புருசனை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன். இருந்த ஆற்றாமையில் வாய் வழுகிவிட்டது.

"உங்களுக்குக் கண் தெரியாது. அவர் மாத்திறது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

சொன்னவுடனே நாக்கைப் பிடுங்க வேண்டும்போல இருந்தது. அவர் கோபிக்கவில்லை. கணவரிடம் போய், அவருடைய இடது கைக்கு மேல் தன் உள்ளங்கையை வைத்தார். கீழே விரல் நீண்டது. "இப்பிடித்தான் பாக்கிறனான்" என்றார். "ரெண்டு. தேத்தண்ணி." கையை ஒருமுறை அழுத்திவிட்டுக் குசினிக்குப் போனார். நான் அவருடைய விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு விரல் நீட்டியது நீட்டியபடி இருந்தது. தேத்தண்ணி வரும்வரைக்கும் மாறவில்லை.

அன்றைக்குப் பின்னேரம் அந்த அம்மா கணவருக்காக ஒரு பழைய ஆட்டத்தின் ஒளிப்பதிவைப் போட்டுவிட்டிருந்தார். இப்போதெல்லாம் பிடிப்பவர்கள் பொத்தானை அமத்திச் செய்தி சொல்கிறார்களாம், அந்த ஆட்டங்களைக் கிழவர் பார்க்க மாட்டார். நான் துவாய் மடித்துக்கொண்டு அரைக் கண்ணால் பார்த்தேன். பிடிப்பவன் குந்தியிருந்து ஒரு விரல் வைத்தான். எறிபவனின் முகத்தைப் பெரிதாகக் காட்டினார்கள். அவன் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மெல்ல அசைத்தான். பிடிப்பவன் உடனே இரண்டு விரல் வைத்தான். எறிபவன் திரும்பவும் அசைத்தான், மூன்று விரல் வந்தது. அப்போது தலையை மேலும் கீழுமாக ஆட்டிவிட்டு எறிந்தான்.

துவாய் கையிலிருந்து விழுந்துவிட்டது. நான் அவருக்கு முன்னால் போய் முழங்காலில் நின்றேன். "தண்ணியா, தேத்தண்ணியா?" ஒரு விரல். என் இரண்டு கையாலும் என் தலையைப் பிடித்துக்கொண்டு, "ஓகே" என்றேன். விரல் அப்படியே இருந்தது. பிறகு கையை எடுத்துவிட்டு, நாங்கள் எல்லோரும் சரி சொல்கிற மாதிரி, தலையை இருபக்கமும் சாய்த்து "ஓகே" என்றேன். உடனே விரல் மாறியது, இரண்டு. இன்னொரு முறை சாய்த்தேன். மூன்று.

எங்கள் ஊர்க் கோணேசரே, நான் என்ன வேலை செய்து வைத்திருக்கிறேன். ஒவ்வொரு நாளும் அந்த மனிதர் தனக்கு வேண்டியதைச் சொன்னார், நான் சரி சரி என்று தலையாட்டினேன், அவர் அதை வேண்டாம் வேறு சொல் என்று எடுத்தார். ஆயிரக்கணக்கான சனம் கத்துகிற இடத்தில் வேலை செய்தவர், அங்கே சொல் காதில் விழாது, எறிகிறவனின் தலையை மட்டும் பார்த்துப் பழகிய கண். இத்தாலியர் வீட்டிலும் இந்த ஊரிலும் ஒருவரும் ஓம், சரி என்பதற்கு அப்படித் தலையைச் சாய்ப்பதில்லை. வாழ்நாள் முழுக்க ஒழுங்காக வேலை செய்தவரை, அந்த ஒழுங்குக்காகவே குழம்பியவர் என்று எழுதியிருக்கிறேன். நான் அவருடைய மடியில் தலையை வைத்து அழுதேன். அவர் என் முதுகில் தட்டினார், மெதுவாக இரண்டு முறை.

அடுத்த நாள் காலை அந்தச் சென்னைப் பெண்ணின் அலுவலகத்தில் போய் இருந்தேன். "தங்கச்சி, அண்டைக்கு நீங்கள் தலையாட்டினனீங்கள். அதுதான் அவர் மாத்தினவர்" என்று முழுக் கதையையும் சொன்னேன்.

"நானா? நான் ஆட்டவே இல்லையேக்கா" என்றாள், ஆட்டிக்கொண்டே.

"இப்ப ஆட்டினீங்கள்."

"இல்லக்கா, இது..." என்று தொடங்கி, பின்னால் இருந்த கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுபோய், இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "அக்கா, நான் எழுதி அனுப்பிட்டேனே."

"நானும்தான் எழுதினனான், உங்களுக்கு முதலே. வாங்கோ, ரெண்டு பேருமாய்ப் போய்த் திருத்துவம்."

அவள் வேறு ஆளாயிருந்தால் தன் பிழையை மூடப் பார்த்திருப்பாள். இவள் அங்கேயே மேலதிகாரிக்கு எழுதினாள், தான் செய்த மதிப்பீடு தவறு, திரும்பச் செய்ய வேண்டும் என்று. அனுமதி கிடைத்தது. ஒரே ஒரு முறை, அதில் சொல்வதுதான் முடிவு. "வியாழக்கிழமை வரேன்க்கா. ஆனா தலைய நான் எங்க வச்சுக்கறது?" என்று கேட்டாள். எனக்கும் அதே பிரச்சினைதான்.

நான்கு நாள் வீட்டில் பயிற்சி. மனிசனிடம் நடந்ததைச் சொல்லி, நான் தலையைச் சாய்த்தால் மேசையில் தட்டுங்கோ என்றேன். முதல் சாப்பாட்டிலேயே பதினொரு தரம் தட்டினார். "அப்ப இருவத்தெட்டு வருசமா நீ ஓம் எண்டு தலையாட்டினதெல்லாம் வேண்டாமெண்டோ?" என்று கேட்டார். "பாதிக்கு மேலை வேண்டாமெண்டுதான்" என்றேன். பிறகு அவரே பக்கத்தில் வந்து, "பயப்பிடாதை. ஆள் கெட்டிக்காரன். செய்வார்" என்றார். அதைக் கேட்டுத் தலையைச் சாய்த்தேன், உடனே தட்டினார்.

வியாழக்கிழமை அந்தப் பிள்ளை தலை ஆடாமலிருக்க நாடியைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவருக்கு முன்னால் இருந்தாள். நான் அவருக்கு நேரே தெரிகிற கதவு நிலையில் தலையை ஆடாமல் முட்டுக்கொடுத்து நின்றேன். மனைவி அவருக்குப் பக்கத்தில், மடியில் கையைக் கோத்துக்கொண்டு. நீங்கள் கையைத் தொட்டால் உங்கள் பதில் என்று சொல்லிவிடுவார்கள், முடியும்வரை தொடக்கூடாது என்று அவரிடம் சொல்லியிருந்தோம்.

கோடை காலமா? ஒன்று. ஒன்றாகவே நின்றது. இது கரண்டியா? இரண்டு, ஏனென்றால் அது சீப்பு. நெருப்பு, மருந்து, வாசல் கதவு, மனைவிக்கு உடம்பு சரியில்லையென்றால் எந்தப் பொத்தானை அமத்துவது, எல்லாவற்றுக்கும் ஒரே பதில், ஒரே தடவை. அவர் முதுகை நிமிர்த்தி இருந்தார். படத்தில் இருந்த அந்தப் பொடியனின் கண்கள் அவருக்கு அப்போது இருந்தன.

"கடைசிக் கேள்வி" என்றாள் அவள். "இதற்கு உங்கள் விருப்பம் மட்டுந்தான். எங்கே இருக்க விரும்புகிறீர்கள்? இந்த வீட்டிலென்றால் ஒன்று. பராமரிப்பு இல்லத்திலென்றால் இரண்டு."

அவர் தலையைத் திருப்பினார். மனைவி பக்கம் பார்த்தார். பிறகு கை தொடைகளுக்கு நடுவே போனது. ஒரு விரல்.

அந்த நிமிசம் நான் செய்ததை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. சந்தோசத்தில் முட்டுக்கொடுத்த தலை நிலையை விட்டு வந்துவிட்டது. சரி, சரி, அதுதான் சரி என்று நான் தலையைச் சாய்த்தேன், இந்தப் பக்கம், அந்தப் பக்கம், ஒரு தரமல்ல, மூன்று நான்கு தரம். நாலு நாள் பயிற்சியும் காற்றில் போனது. அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பிள்ளை அவர் பார்க்கும் திசையில் திரும்பி என்னைக் கண்டாள், அவளுடைய முகம் வெளுத்துவிட்டது. நான் தலையை நிறுத்திவிட்டேன், ஆனால் காட்ட வேண்டியதைக் காட்டியாகிவிட்டது.

அவருடைய விரல் மடங்கி உள்ளே போனது. கை பொத்தியபடி இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் வாய் திறக்க முடியாது, திறந்தால் அது அவருடைய பதிலாக இராது. அவர் என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. 

பிறகு கை திறந்தது. ஒரு விரல். தொடையில் அழுத்தி, நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்தி வைத்தார்.

அந்தப் பிள்ளை எழுதினாள். எழுதி முடித்து, இனித் தொடலாம் என்று பிரெஞ்சில் சொன்னாள். மனைவி கையை நீட்டித் தடவி, அவருடைய கையைக் கண்டுபிடித்து, மேலே தன் உள்ளங்கையை வைத்தார்.

"ஒண்டு" என்றார். "வீடு. ஏன் எல்லாரும் ஒண்டும் பேசாமல் இருக்கிறியள்?"

"நான் தலையாட்டிப்போட்டன், அம்மா" என்றேன். "வேண்டாமெண்டு காட்டிப்போட்டன். அவர் கேக்கேல்லை. திரும்பவும் அதே விரலை வைச்சவர்."

அந்த அம்மா அவருடைய கையை விரலோடு சேர்த்துத் தூக்கித் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். அவர் விரலை இன்னும் மடக்கவில்லை.